மாமாவின் போனில் அழிந்ததும் அழியாததும்

காரிமங்கலம் பக்கம் தக்காளி போடும் எங்கள் மாமாவுக்கு 2024 டிசம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. ஊர் விவசாயிகள் குழுவில், தெரிந்த ஆளின் எண்ணிலிருந்தே வந்திருந்தது. பி.எம். கிசான் என்று பெயர். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும் அந்தப் பணத்துக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். மாமா தொட்டார், இன்ஸ்டால் ஆனது, கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலை பாலக்கோடு மண்டிக்குப் பெட்டி ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், கணக்கில் இருந்த 84,000 சொச்சத்தில் மிச்சம் 212 ரூபாய்.

பதறிப்போய் தருமபுரியில் ஒரு போன் கடைக்கு ஓடினார். கடைப்பையன் நல்ல மனதோடுதான் சொன்னான்: "வைரஸ் ஏறியிருக்குங்கண்ணா, ரீசெட் பண்ணா எல்லாம் போயிடும்." சொன்னபடியே எல்லாம் போய்விட்டது. வைரஸ் போனது, அது வந்த வழி போனது, எந்த முகவரிக்கு என்ன அனுப்பியது என்ற விவரமும் போனது. மறுநாள்தான் என்னிடம் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் சைபர் கிரைம் காவல் நிலையம்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கும் வேலை எனக்கு. அதனால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்: "அழிச்சதையெல்லாம் சாப்ட்வேர் போட்டு எடுத்துடுவாங்களாமே, டவர் வச்சு ஆளையே பிடிச்சுடுவாங்களாமே?" சில நேரம் முடியும், பல நேரம் முடியாது. எது முடியும் என்பதைக் கருவியின் விலை தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு தடயமும் எங்கே கிடக்கிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. மாமாவின் விவகாரத்தையே வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ரீசெட். பழைய கணினிகளில் ஒரு கோப்பை அழித்தால் உண்மையில் எதுவும் அழியாது. பட்டாவில் பெயரை அடித்துவிட்டாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கும், அடுத்தவர் வந்து உழுகிற வரை பழைய பயிரும் நிற்கும். அந்த மாதிரி, குறிப்பேட்டிலிருந்து பெயர் மட்டும் நீங்கும். வேறு ஏதாவது மேலே எழுதப்படும் வரை தகவல் ஹார்ட் டிஸ்கின் தட்டில் இருக்கும். தடயவியல் மென்பொருள்கள் இந்தத் தரிசு நிலத்தைத்தான் கிளறி எடுக்கின்றன. இந்த ஒரு உண்மையிலிருந்துதான் 'எதையும் மீட்டுவிடலாம்' என்ற நம்பிக்கை ஊருக்குள் வந்தது.

இன்றைய போன் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு அறிமுகமான கைபேசிகளில் ஒவ்வொரு கோப்பும் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் சேமிக்கப்படும். ரீசெட் கொடுத்தால் அந்த மறையாக்கத்தின் சாவி அழிக்கப்படும். பெட்டி இருக்கும், பூட்டு இருக்கும், சாவியை உருக்கியாயிற்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் உள்ளே அர்த்தமில்லாத எண்களைத்தான் பார்க்கும். அதனால்தான் போலீஸ் கைப்பற்றும் போனை, அது 'ஆன்' நிலையில் இருந்தால், அணைக்காமலே அலைவரிசை புகாத உறையில் போட்டு எடுத்துப் போவது நல்ல வழக்கம். வெளியிலிருந்து யாரும் அழிக்கச் சொல்லிக் கட்டளை அனுப்ப முடியாது. ஒருமுறையாவது பூட்டைத் திறந்த பிறகு ஓடிக்கொண்டிருக்கும் போனும், அணைத்துப் போட்டு இன்னும் திறக்காத போனும் ஆய்வாளருக்கு வேறு வேறு பொருள்கள். முதலாவதில் சாவிகள் நினைவகத்தில் தயாராக இருக்கும், இரண்டாவதில் இருக்காது. ஐபோனில் 2024 முதல் மூன்று நாள் பூட்டு திறக்காமல் கிடந்தால் போன் தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. மேசை மேல் வைத்துவிட்டு லீவில் போனால் முடிந்தது கதை.

சரி, மாமாவின் போனில் ஒன்றும் இல்லை. ஆனால் கோப்பு வந்தது குழுவில். அதே குழுவில் மாமா பையனும் இருந்தான். அவன் அதைத் தொடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அவன் போனில் அது அப்படியே கிடந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டதே "அந்தக் குரூப்ல வேற யார்கிட்ட இருக்கு?" என்றுதான். எனக்குத் தோன்றாத கேள்வி அது, கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வகைக் கோப்பு ஒரு சுருக்கப்பட்ட மூட்டைதான். கணினியில் அவிழ்த்தால் உள்ளே ஒரு பட்டியல் இருக்கும்: இந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று. விவசாய உதவித்தொகைச் செயலிக்கு, வரும் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படிக்கும் அனுமதி எதற்கு? அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் நிரலை மனிதர் படிக்கிற மாதிரி திருப்பித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் தேடினால், திருடிய எஸ்எம்எஸ்ஸை எங்கே அனுப்புகிறது என்ற முகவரி கிடைக்கும். ஒரு இணையதளமாக இருக்கலாம், டெலிகிராமில் ஒரு தானியங்கிக் கணக்காக ('பாட்') இருக்கலாம். ஓடிபி போனுக்கு வந்த அதே நொடியில் அங்கேயும் போயிருக்கும். முதலில் ஏமாந்த ஆளின் வாட்ஸ்அப்பையும் பிடித்து, அவர் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் அதே கோப்பைப் போடுவதும் இவர்கள் வழக்கம். குழுவில் அனுப்பியவர் தெரிந்தவர் என்பதற்கு விளக்கம் இதுதான், பாவம் அவரும் பணத்தை விட்டவர்.

இந்தக் கோப்பை மாமா பையன் போனிலிருந்து எடுக்கும்போதுதான் ஹேஷ் என்ற சமாச்சாரம் வருகிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஷா-256 என்ற கணக்குமுறை 64 எழுத்துள்ள ஒரு கைரேகையைத் தரும். எங்கள் தருமபுரியின் பழைய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தகடூர்' என்று ஒரு வெற்றுக் கோப்பில் எழுதி ஹேஷ் போடுங்கள். கடைசி ர்-இன் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு. போனது அந்த ஒன்றுதான். ஆனால் வரும் 64 எழுத்தும் முன்னதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எடுத்த அன்று கைப்பற்றுதல் மகஜரில் எழுதிய ஹேஷும், மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் கணக்கிட்டுப் பார்க்கும் ஹேஷும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை என்று பொருள். ஹார்ட் டிஸ்க் கைப்பற்றினால், அதில் எதுவும் எழுதாமல் தடுக்கும் கருவியை நடுவில் வைத்து, பிட் பிட்டாகப் பிரதி எடுத்து, மூலத்தை முத்திரையிட்டு, ஆய்வை எல்லாம் பிரதியில்தான் செய்வார்கள். இன்று சும்மா திறந்து பார்த்தால்கூடக் கோப்பின் கடைசியாகப் பார்த்த நேரம் மாறிவிடலாம். 'ஒரு தடவை பாத்துட்டு குடுக்கறேன்' என்று ஆர்வத்தில் திறப்பவர்கள் கெடுத்த தடயம் கொஞ்சநஞ்சமாக இருக்காது.

இனி பணம். இங்கே கணக்கு மணிக்கணக்கில் இல்லை, நிமிடக்கணக்கில். 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் (2021-இல் தொடங்கியபோது அது 155260, அப்புறம் சுருக்கினார்கள்) புகார் நேராகப் பணம் போன வங்கிக்கு மின்னணு முறையில் போகும். அங்கே பணம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் புகாரும் பின்னாலேயே போகும். மாமாவின் பரிவர்த்தனை எண்கள் நான்கும் 4341 என்று தொடங்கின. யுபிஐயின் 12 இலக்க எண்ணில் பெரும்பாலும் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. 2024-இன் 341-ஆம் நாள், அதாவது டிசம்பர் 6. வங்கிக் குறுஞ்செய்தி அழிந்துபோய் எண் மட்டும் துண்டுச் சீட்டில் இருந்தாலும் தேதியை இப்படிச் சரிபார்க்கலாம்.

முதல் பரிவர்த்தனை அதிகாலை 2:18. நாங்கள் புகார் கொடுத்தது மறுநாள் பகல் 11 மணிக்கு. முப்பது மணி நேரத்துக்கு மேல். அதற்குள் பணம் வேறு மாநிலத்தில் ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து ஐந்தாகப் பிரிந்து, பெரும்பகுதி ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிட்டது. ஒரு கணக்கில் மட்டும் 9,300 ரூபாய் எடுக்காமல் கிடந்தது, அதை நிறுத்தினார்கள். மாமா எழுந்தவுடனே, போன் கடைக்குப் போகாமல், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து 1930-க்கு அடித்திருந்தால் எவ்வளவு நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. இதைவிடக் கூடுதலாக நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

நடுவில் வரும் அந்தக் கணக்குகள் பெரும்பாலும் வாடகைக் கணக்குகள். கமிஷன் தருகிறேன் என்று சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகளிடமும் கூலிக்காரர்களிடமும் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். வழக்கு வந்தால் முதலில் மாட்டுவது கணக்கின் சொந்தக்காரர்தான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவரின் க்யூஆர் கோடில் ஒரு மோசடிக்காரன் 60 ரூபாய்க்கு டீயும் போண்டாவும் சாப்பிட்டால், பணம் போன பாதையில் அந்தக் கடைக் கணக்கும் ஒரு புள்ளியாகிவிடும். எங்கோ ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்து முழுக் கணக்கையும் முடக்கிவிடுவது நடந்திருக்கிறது. தகராறுக்குரிய தொகையை மட்டும் நிறுத்துங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லேயே சொன்னது. கருவி வேகமாக ஓடும்போது அதை ஓட்டுபவருக்கு நிதானம் வேண்டும் அல்லவா.

டவருக்கு வருவோம், எல்லோருக்கும் பிடித்த விஷயம். ஒரு எண்ணின் அழைப்பு விவரத்தை, அதாவது சிடிஆரை, நிறுவனத்திடம் போலீஸ் கேட்டு வாங்கும். யாருக்கு, எப்போது, எத்தனை நொடி, எந்த டவர், எந்த போன் என்று இருக்கும். பேசியது என்ன என்று இருக்காது. டவர் என்பது ஒரு ஆள் நிற்கும் இடமும் இல்லை. பொதுவாக ஒரு டவரைச் சுற்றி மூன்று பக்கமும் 120 பாகை வீதம் அலைபரப்பும் தட்டுகள் இருக்கும், அதில் எந்தப் பக்கம் என்பதுவரைதான் தெரியும். தருமபுரி பேருந்து நிலையத்தில் அது சில நூறு மீட்டராக இருக்கலாம். பென்னாகரம் தாண்டிக் காட்டோரத்தில் பல கிலோமீட்டர்.

எங்கள் பக்கத்துக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. ஓசூருக்கு அந்தப் பக்கம் ஜூஜூவாடியில் நின்றால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், நாலு அடி நகர்ந்தால் கர்நாடக டவரைப் பிடிக்கும். சில வீடுகளில் கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. தொலைத்தொடர்பில் அவை இரண்டும் வேறு வேறு வட்டங்கள். ஒரு நேரத்தில் ஒரு டவரில் இருந்த எண்களையெல்லாம் மொத்தமாக வாங்கிப் பார்ப்பது ஒரு விசாரணை முறை. அத்திப்பள்ளிப் பக்கத்து டவரைக் கேட்காமல் விட்டால், ஓசூரில் நின்றவனே பட்டியலில் இருக்கமாட்டான். எல்லையோர நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. புதிதாக வருபவர் ஒருமுறை ஏமாந்துதான் கற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு போன் கருவிக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. போனில் *#06# என்று அடித்தால் வரும் 15 இலக்கம். கடைசி இலக்கம் முந்தைய 14-லிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். வலைப்பின்னலுக்கு அது அனுப்பப்படுவதில்லை, அந்த இடத்தில் பெரும்பாலும் பூஜ்யம்தான் பதிவாகும். அதனால் போன் பெட்டியில் 7 என்று முடியும் எண், சிடிஆரில் 0 என்று முடியும். இரண்டும் வேறு போன் என்று வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டால், தெரியாத சாட்சி முழிக்க வேண்டியதுதான். இதே ஐஎம்இஐ வேறு வகையிலும் உதவும். ஒரே கருவியில் மாறி மாறிப் பல சிம்கள், வெளியே போகும் அழைப்பு மட்டும் நூற்றுக்கணக்கில், உள்ளே ஒன்றும் வருவதில்லை, டவர் நகர்வதே இல்லை என்றால் அது மனிதர் கையில் இருக்கும் போன் இல்லை. வெளிநாட்டு இணைய அழைப்பை உள்ளூர் எண்ணாக மாற்றிக் காட்டும் சிம் பாக்ஸ்.

ஐபி முகவரி பற்றிச் சுருக்கமாக. ஐபி கிடைத்தால் ஆள் கிடைத்தான் என்பது பழைய கதை. மொபைல் இணையத்தில் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் ஏராளமானவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். நொடி சுத்தமாக நேரமும், அந்த ஐபியில் எந்த இணைப்பு என்று காட்டும் போர்ட் எண்ணும் இருந்தால்தான் அதில் ஒருவரைப் பிரித்தெடுக்க முடியும். பல வலைத்தளங்கள் போர்ட் எண்ணைப் பதிந்து வைப்பதே இல்லை. சர்வர் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு கட்டத்தைப் பதிவேட்டில் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். பதிவேடுகளுக்கு ஆயுளும் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரங்களை இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிமத்தைத் திருத்தினார்கள், அதற்கு முன் ஒரு வருடம்தான். 2022 ஏப்ரலில் கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் தந்த உத்தரவுப்படி நிறுவனங்கள் கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடையின் சிசிடிவி பெட்டிக்கு எந்தச் சட்டமும் தெரியாது. தட்டு நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. போனுக்குள் பெரும்பாலான செயலிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி, எத்தனை மில்லிநொடி என்று உலக நேரத்தில்தான் குறித்து வைக்கும். ஐந்தரை மணி கூட்ட மறந்தால் மாமாவின் டிசம்பர் 6 அதிகாலை 2:18, டிசம்பர் 5 இரவு 8:48 ஆகிவிடும். தேதியே மாறிப்போகும். சிசிடிவியில் இது இன்னும் மோசம். கடிகாரம் 11 நிமிடம் பிந்தி ஓடும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நல்ல ஆய்வாளர் காட்சியை எடுக்கும் முன் அந்தத் திரையையும் சரியான நேரம் காட்டும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு படம் பிற்பாடு ஒரு வழக்கையே தாங்கும்.

தமிழுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கைப்பற்றிய போனில் லட்சக்கணக்கான செய்திகள் இருக்கும், சொல் கொடுத்துத்தான் தேட வேண்டும். 'தொகை' என்று தேடுகிறீர்கள். 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி அமைக்காத மென்பொருளுக்கு அவை வேறு சொற்கள், 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடும். பழைய கணினிகளில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த ஆவணம் என்றால், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துதான். நம் ஆட்கள் போனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார்கள், ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் தமிழில் தொடங்கிய குரல்பதிவு தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடியும். எந்த நாட்டிலோ செய்த மென்பொருளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இங்கே உள்ளூர்க் காவலர் ஒருவர் உட்கார்ந்து கேட்பதற்கு ஈடு இல்லை.

மின்னணுத் தடயம் மின்னணுக் குற்றத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. 2021 ஜனவரியில் ஓசூரில் ஒரு நகைக்கடன் நிறுவனக் கிளைக்குள் துப்பாக்கியோடு புகுந்து சுமார் 25 கிலோ தங்கத்தைக் கொள்ளையடித்துப் போனார்கள். ஒரு நாளுக்குள் ஹைதராபாத் பக்கத்தில் பிடிபட்டார்கள். நகைகளோடு இருந்த ஜிபிஎஸ் கருவி வழிகாட்டியது. அங்கே தடயம் ஓடிக்கொண்டிருந்தது, பின்னாலேயே போலீஸும் ஓடியது. மாமாவின் விவகாரத்தில் தடயம் ஓடியபோது நாங்கள் போன் கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

எல்லாம் சேர்ந்து கடைசியில் காகிதமாகத்தான் நீதிமன்றம் போகும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி, ஒன்றில் ஆவணத்தைத் தருபவர், இன்னொன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஹேஷ் மதிப்பையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் எழுத வேண்டும். படிவத்தில் எம்டி5 என்ற முறைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வெவ்வேறு இரண்டு கோப்புக்கு ஒரே எம்டி5 வரவைக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து எழுதிய சட்டத்தில் அந்தக் கட்டத்தை ஏன் விட்டு வைத்தார்களோ. சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லி, 2020-இல் மறுபடி உறுதி செய்தது. மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிக் காட்டினால் மட்டும் விலக்கு. வாட்ஸ்அப் திரையைப் படம் பிடித்து அச்செடுத்துக் கொடுத்துவிட்டு 'ஆதாரம் குடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இப்போது சோதனையும் கைப்பற்றுதலும் ஒலி-ஒளிப் பதிவாக எடுக்கப்பட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. இது நல்ல மாற்றம், போலீஸுக்கும் பாதுகாப்பு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு.

நிறுத்தி வைத்த 9,300 ரூபாய் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஏழு மாதம் கழித்து மாமாவின் கணக்குக்கு வந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது. மாமா பையன் சாட்சி. அவன் போனில் உள்ள அந்தக் குழுவை அழிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் திரை உடைந்த பிறகும் போனை மாற்றாமல் வைத்திருக்கிறான். போன வாரம் காட்டினான். கோப்பு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, அனுப்பிய பத்தாவது நிமிடத்தில், மாமாவின் எண்ணிலிருந்து ஒரு கும்பிடு.